கார்ப் பிளாக்கருக்காக பச்சை ராஜ்மாவை அரைத்துக் குடிக்காதீர்கள்

சோறு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது என்று விற்கப்படும் 'கார்ப் பிளாக்கர்' மாத்திரைகள் பலவற்றில் இருப்பது வெள்ளை ராஜ்மாவிலிருந்து எடுத்த சாறு. அதிலுள்ள பேசியோலமின் என்ற புரதம், மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ் நொதியைப் பிடித்து முடக்கிவிடும். வண்டு தின்னாமல் விதையைக் காக்க செடி செய்துகொண்ட ஏற்பாடு இது.

இதை வீட்டிலேயே தயாரிக்கலாம் என்று பச்சை ராஜ்மாவை மிக்ஸியில் அரைத்து வெந்நீரில் கலக்கிக் குடித்தால் ஆபத்து. அதே விதையில் லெக்டின் என்ற நச்சுப் புரதமும் இருக்கிறது. வேகாத சிவப்பு ராஜ்மா நாலைந்து போதும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் கடும் வாந்தி, அப்புறம் வயிற்றுப்போக்கு. வெள்ளையில் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் 30 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட வேண்டும். கொதி வராத சூட்டில் மணிக்கணக்கில் வைத்தாலும் நச்சு போகாது. அரைவேக்காடு பச்சையைவிட மோசமாகவும் போகலாம்.

சரி, நன்றாக வேகவைத்துவிட்டால்? பேசியோலமினும் கொதியில் செயலிழந்துவிடும். ராஜ்மா சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறுவதற்கு அதன் நார்ச்சத்தும், நிதானமாகச் செரிக்கும் மாவுச்சத்தும்தான் காரணம்.

மாத்திரையை நம்பி இன்னொரு தட்டு சாதம் போட்டுக்கொள்வதும் தவறு. 1982-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இவற்றை மருந்து என்று வகைப்படுத்தி விற்பனையை நிறுத்தச் சொன்னது. அதே ஆண்டு, 100 கிராம் மாவுச்சத்துள்ள உணவோடு மாத்திரை கொடுத்துச் சோதித்தபோது, செரிக்காமல் வெளியேறிய கலோரி கூடவே இல்லை. கணையம் தேவைக்கு மேல் பல மடங்கு அமைலேஸ் சுரக்கிறது. அன்றைய மாத்திரையின் வீரியம் அதற்கு ஈடாகவில்லை. பிற்காலச் சாறுகளில் வீரியம் கூடியிருக்கிறது, அப்படியும் ஆய்வுகளில் கண்ட எடைக்குறைவு சிறியதுதான். காபிச் சர்க்கரை, பழச்சாறு, லட்டுப் பாகு எதையும் இது தொடாது, அவற்றைச் செரிக்க அமைலேஸ் தேவையில்லை.

இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் இதைச் சேர்க்கவே கூடாது, சுகர் திடீரென இறங்கலாம். இதையும் அகார்போஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரையையும் ஒன்றென்று எண்ண வேண்டாம். அகார்போஸ் பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் மருந்து, சாதாரண சர்க்கரையின் செரிமானத்தையும் தடுக்கும். அதை எடுப்பவருக்கு சுகர் இறங்கினால் சர்க்கரைத் தண்ணீர் சட்டென்று கைகொடுக்காது, குளுக்கோஸ்தான் கொடுக்க வேண்டும்.