டொல்பின் வேனின் தரையைப் பிரித்தபோது

நுவரெலியாவில் ஜனவரி இரவொன்றை எங்கள் பழைய டொல்பின் வேனுக்குள் கழித்தால், விடியும்போது கூரை தலைமேல் சொட்டும். மழைதான் ஒழுகுகிறது என்று இரண்டு தடவை ஜன்னல் ரப்பரை மாற்றினேன். காசுதான் போனது. எங்கள் மூச்சின் ஈரமே குளிர்ந்த தகரத்தில் பட்டுத் தண்ணீராகியிருக்கிறது.

ஒருநாள் தரை ரெக்சினைத் தூக்கினேன். கீழிருந்த ப்ளைவுட், தேநீரில் ஊறிய ரஸ்க் மாதிரி கையோடு வந்தது. அதற்கும் கீழே குளிர் தடுக்கப் போட்ட கண்ணாடிப் பஞ்சு, பிழிந்தால் தண்ணீர். பின்சக்கரத்துக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை.

"தார் பூசி மூடிறாதீங்க தம்பி, துரு உள்ளுக்கே தின்னும்" என்றார் டிங்கர் அண்ணன். வெட்டியெடுத்துப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்தார்.

மற்ற இடங்களில் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, துருத்தடுப்பு பெயின்ட் அடித்தேன். பஞ்சுக்குப் பதில், நீர் உறிஞ்சாத 25 மில்லிமீட்டர் போம் பலகை. மணிமணியாக உதிரும் ரெஜிபோம் (தெர்மோகோல்) வேண்டாம். மணிகளுக்கு இடையில் ஈரம் தங்கும், வண்டி ஓடினால் கிறீச்சிடும். போம் பலகைக்கு மேல் ஈரம் தாங்கும் 12 மில்லிமீட்டர் மரைன் ப்ளைவுட். வெட்டிய விளிம்புகளுக்கு இரண்டு கோட் வார்னிஷ். தண்ணீர் நுழைவது அந்த வழியாகத்தான். கூரைக்கு ரப்பர் போம் ஷீட்டை இடைவெளி விடாமல் ஒட்டினேன்.

ஸ்குரூ அடிக்கும்முன் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். நான் பார்க்காமல் போட்ட ஒரு துளை, டீசல் டாங்கிக்கு இரண்டு விரல் தள்ளி இறங்கியிருந்தது!

இப்போது சொட்டுவதில்லை. ஆனால் ஜன்னலைக் கொஞ்சம் திறந்துவைத்தே தூங்கவேண்டும். அதற்குத்தான் மனைவியோடு தினமும் சண்டை.