சிவப்பு டெக்கை நிறுத்துவது எப்படி? பாப்பர் ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு செய்முறை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை சாயங்காலம் மேஜிக் என்ற சீட்டாட்டம் ஆட உட்காருபவர்களில் பாதிப்பேர் கையில் இப்போது ஒரே டெக்தான் (கார்டுக் கட்டு): மேஜிக்கின் ஐந்து நிறங்களில் ஒன்றான சிவப்பு. லைட்னிங் போல்ட், செயின் லைட்னிங் என்ற அடிக்கும் கார்டுகள், நாலைந்து வகைச் சின்னக் கிரீச்சர்கள் (களத்தில் நின்று சண்டை போடும் கார்டுகள்), கடைசியில் ஃபயர்பிளாஸ்ட் என்ற பெரிய அடி. நான்காவது ஐந்தாவது டர்னுக்குள் ஆட்டம் முடிந்துவிடுகிறது. புதிதாக வரும் தம்பி தங்கைகள் இரண்டு மூன்று வாரம் தோற்றுவிட்டு, "அண்ணே, இதை எதிர்த்து ஒன்றுமே செய்ய முடியாதா?" என்று கேட்கிறார்கள். அப்புறம் வருவதில்லை. செய்ய முடியும். அவர்கள் திரும்பி வரவேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாப்பர் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-இல் வெளிவந்த மேஜிக் ஆட்டத்தில், காமன் (எளிதில் கிடைக்கும் சாதாரண) கார்டுகளை மட்டும் வைத்து ஆடும் முறை இது. 2019-இல் மேஜிக்கை வெளியிடும் நிறுவனமே இதை அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொண்டது. டெக் குறைந்தது 60 கார்டு, ஒரே கார்டு நான்கு பிரதிக்கு மேல் கூடாது, பேசிக் லேண்டுக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை (லேண்ட் என்பது மானா தரும் கார்டு, மானா என்பது மற்ற கார்டுகளைப் போடக் கொடுக்கும் விலை). முதல் ஆட்டத்துக்கு அப்புறம் மாற்றிக்கொள்ள பக்கத்தில் சைட்போர்டு 15. ஆளுக்கு 20 லைஃப், அது பூஜ்யமானால் தோல்வி. நம்மைப் போன்ற தோட்டத்துப் பட்டணத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. ஈப்போ சுமார் 30 கிலோமீட்டர். ஒரு தடவை போய் வாங்கி வந்தால் பல மாதம் ஆடலாம், பெரும்பாலான காமன் கார்டுகள் சில வெள்ளிக்குள்தான்.

முதல் படி: கணக்கு

கார்டு வாங்க ஓடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். சிவப்பு டெக்கில் 18 லேண்ட் என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 42 கார்டு அடிக்கும் கார்டு. அதாவது பத்துக்கு ஏழு.

எதிராளி முதலில் ஆடுகிறார். கையில் ஏழு கார்டு. முதல் டர்னில் எடுக்கமாட்டார், அடுத்த மூன்று டர்னில் மூன்று கார்டு எடுப்பார். நான்காவது டர்னில் மொத்தம் பத்துக் கார்டு பார்த்திருப்பார். அதில் மூன்று லேண்ட், ஏழு அடி. ஒரு போல்ட் மூன்று லைஃப் எடுக்கும். ஏழு மூன்று 21. உங்களிடம் இருப்பது 20.

அந்த எண்களைக் கொஞ்சநேரம் பாருங்கள். அந்த ஏழு கார்டும் தப்பாமல் உங்கள் லைஃபுக்கே வந்தால்தான் நான்காவது டர்னில் அவர் ஜெயிக்கிறார். ஒன்று வேறு பக்கம் போனாலே கணக்கு இடிக்கிறது. அதற்கப்புறம் ஒரு டர்னுக்கு ஒரு கார்டுதான் எடுப்பார், அதிலும் பத்துக்கு மூன்று தடவை லேண்ட்தான் வரும். ஆகவே நீங்கள் வீணாக்கும் ஒவ்வொரு கார்டும் உங்களுக்கு ஒரு டர்னுக்கும் கொஞ்சம் அதிகமாகவே வாங்கித் தருகிறது. இரண்டு மூன்று கார்டை வீணாக்கினால் ஆட்டம் ஏழாவது எட்டாவது டர்னுக்குப் போய்விடும். அங்கே உங்கள் கார்டுகள் பெரியவை, அவருடையவை சின்னவை.

சிவப்பை விட வேகமாக ஓடப் பார்க்காதீர்கள். புதியவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். அவருடைய கார்டு ஒவ்வொன்றும் மூன்று லைஃபுக்குக் குறைவாக வேலை செய்யும்படி பார்த்துக்கொள்வதுதான் உங்கள் வேலை. உங்கள் கிரீச்சர் மேல் அவர் போல்ட் போட்டால் கவலைப்படாதீர்கள், உங்களுக்கு வரவேண்டிய மூன்று அங்கே போயிற்று.

இரண்டாவது படி: உங்கள் டெக்கே உங்களை அடிக்கிறதா?

கறுப்பு ஆடுபவர்கள் ஸ்னஃப் அவுட் வைத்திருப்பார்கள். நான்கு லைஃப் கொடுத்தால் மானா இல்லாமலே ஒரு கிரீச்சரைக் கொல்லலாம். மற்ற டெக்குகளுக்கு எதிராக அருமையான கார்டு. சிவப்புக்கு எதிராக, ஒரு மானா கொப்லினைக் கொல்ல நீங்களே உங்கள் மேல் ஒரு போல்டுக்கும் அதிகமாகப் போட்டுக்கொள்கிறீர்கள். முதல் ஆட்டம் முடிந்ததும் வெளியே எடுக்க வேண்டியது அதைத்தான்.

டேப் ஆகி, அதாவது அந்த டர்னில் மானா தராமல் சாய்ந்து, இறங்கும் லேண்டுகளையும் எண்ணுங்கள். இரண்டாவது டர்னில் இரண்டு மானா இல்லாமல் நின்றால் அது ஒரு டர்னையே எதிராளிக்குக் கொடுத்த மாதிரி. எட்டு பத்துக்கு மேல் இருந்தால் குறைத்துவிடுங்கள். வைத்துக்கொள்வதை முதல் டர்னிலேயே இறக்கிவிடுங்கள். ஸ்கவர்டு பேரன்ஸ் போல இறங்கும்போது ஒரு லைஃப் தருபவையானால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது படி: சைட்போர்டு

15 இடத்தில் சிவப்புக்கு ஐந்து அல்லது ஆறு போதும். அஃபினிட்டி (கருவிக் கார்டுகளை நம்பும் டெக்), கிரேவ்யார்டு (தீர்ந்த கார்டுகளின் குவியலைப் பயன்படுத்தும்) டெக்குகளுக்கும் இடம் வேண்டும். எந்தக் கார்டு என்பது உங்கள் நிறத்தைப் பொறுத்தது.

நீலம் ஆடுகிறீர்கள் என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஹைட்ரோபிளாஸ்ட், புளூ எலமென்டல் பிளாஸ்ட் இரண்டுமே ஒரு மானா. சிவப்பு ஸ்பெல்லை (எதிராளி போடும் கார்டை) தடுக்கும், இல்லாவிட்டால் களத்தில் இருக்கும் சிவப்பு கிரீச்சரை அழிக்கும். இரண்டு வேலையும் செய்வதால் எந்த நேரத்திலும் பயன்படும். ஒன்றை மறக்கவேண்டாம்: எதிராளியின் சைட்போர்டில் பைரோபிளாஸ்ட் இருக்கலாம், அது உங்கள் நீல ஸ்பெல்லைத் தடுக்கும்.

பச்சைக்கு வெதர் த ஸ்டோர்ம். இரண்டு மானா, மூன்று லைஃப். அந்த டர்னில் அதற்கு முன் யார் எத்தனை ஸ்பெல் போட்டிருந்தாலும் அத்தனை நகல் கூடுதலாக வரும். இந்தக் கார்டைப் புதியவர்கள் அவசரப்பட்டு வீணாக்குவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இரண்டாவது டர்னில், பயத்தில், மூன்று லைஃபுக்குப் போட்டுவிடுகிறார்கள். பொறுங்கள். எதிராளி போல்ட் போடட்டும், அடுத்து செயின் லைட்னிங் போடட்டும். இரண்டாவது இன்னும் முடியாமல் நிற்கும்போது நீங்கள் போடுங்கள். அவர் போட்டது இரண்டு, ஆகவே நகல் இரண்டு, அசலோடு சேர்த்து மூன்று. ஒன்பது லைஃப். ஒரே கார்டில் மூன்று போல்ட் போயிற்று. பெரும்பாலும் அத்தோடு எதிராளியின் முகம் மாறிவிடும்.

வெள்ளைக்கு லோன் மிஷனரி: இரண்டு மானா, நான்கு லைஃப், கூடவே தடுத்து நிற்க ஒரு ஆள். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் முதல் ஆட்டத்திலேயே மெயின் டெக்கில் வைக்கலாம். பிரிஸ்மாடிக் ஸ்ட்ராண்ட்ஸ் ஒரு டர்ன் முழுக்க நீங்கள் சொல்லும் நிறத்தின் அடியெல்லாம் தடுக்கும். பிறகு கிரேவ்யார்டிலிருந்து, ஒரு வெள்ளை கிரீச்சரை டேப் செய்து, மானா இல்லாமல் இன்னொரு தடவை போடலாம். நிறமில்லாத கிரீச்சர் அடித்தால் மட்டும் தடுக்காது. சர்க்கிள் ஆஃப் புரொடெக்‌ஷன்: ரெட் கார்டைப் பலர் தேடி வாங்குகிறார்கள். அடிக்கு ஒரு மானா கேட்கும் கார்டு அது. வரிசையாக வரும் ஆறு கொப்லின்களை அதை வைத்துத் தடுக்க முடியாது. போல்ட் நிறைய, கிரீச்சர் குறைவு என்ற டெக்குக்கு மட்டும் வையுங்கள். அடியைத் தடுக்கும் இந்த இரண்டு கார்டையுமே ஃபிளேரிங் பெயின் என்ற சிவப்புக் கார்டு செல்லாமல் ஆக்கிவிடும். ஆகவே தடுப்பை மட்டுமே நம்பாமல், லைஃப் கூட்டும் கார்டையும் கலந்து வையுங்கள்.

கறுப்புக்கு கிரிப்ட் ராட்ஸ் களத்தைத் துடைக்கும், ஆனால் உங்களையும் அடிக்கும். லைஃப் அதிகமாக இருக்கும்போதே பயன்படுத்துங்கள். நீங்களும் சிவப்பு என்றால் எலக்ட்ரிக்கரி, மூன்று மானாவில் எதிராளியின் ஒன்றுக்கு ஒன்று (பலம் ஒன்று, தாங்குவது ஒன்று) கிரீச்சர் எல்லாம் காலி.

நான்காவது படி: முதல் கை

மூன்றாவது டர்னுக்கு முன் எதுவும் செய்யாத ஏழு கார்டு, சிவப்புக்கு எதிரில் நல்ல கை ஆகாது. எவ்வளவு பெரிய கார்டுகள் இருந்தாலும் சரி. மலிகன் எடுங்கள். 2019 முதல் இருக்கும் விதிப்படி மறுபடியும் ஏழு எடுத்து, பிடிக்காத ஒன்றை டெக்கின் அடியில் வைப்பீர்கள். தேர்ந்தெடுத்த ஆறு, சோம்பேறியான ஏழு கார்டைவிட மேல்.

ஐந்தாவது படி: ஆட்டத்துக்குள்

களத்துக்கு வந்த கிரீச்சரை உடனே கொல்லுங்கள். ஒன்றுக்கு ஒன்றுதானே என்று விட்டுவைத்தால் மூன்று டர்னில் அது ஒரு போல்ட் வேலையை முடித்துவிடும், அதற்கப்புறம் அடிப்பதெல்லாம் எதிராளிக்கு இலவசம். குறிப்பாக தெர்மோ ஆல்கெமிஸ்ட். மூன்று டஃப்னெஸ் (மூன்று அடி தாங்கும்), தாக்க வராது, சும்மா நிற்கிறது என்று தோன்றும். ஆனால் டேப் செய்தால் உங்களுக்கு ஒரு அடி, அவர் போடும் ஒவ்வொரு இன்ஸ்டன்ட்டுக்கும் சோர்சரிக்கும் (போட்டதும் தீர்ந்துபோகும் கார்டுகள்) மறுபடி எழுந்து இன்னொரு அடி. கையில் ஒரே ஒரு ரிமூவல் (கிரீச்சரைக் கொல்லும் கார்டு) இருந்தால் அது இதற்குத்தான்.

தடுத்து நிற்க வாய்ப்பிருந்தால் தடுங்கள். உங்கள் கிரீச்சரும் அவர் கிரீச்சரும் சேர்ந்து சாவது உங்களுக்கு லாபம்.

அப்புறம் ஃபயர்பிளாஸ்ட். இதற்கு ஆறு மானா, ஆனால் இரண்டு மவுண்டனை (சிவப்பு மானா தரும் லேண்டை) தியாகம் செய்தால் மானாவே வேண்டாம், நான்கு அடி. அந்த மவுண்டன்கள் ஏற்கெனவே டேப் ஆகியிருந்தாலும் சரிதான். "அவருக்கு மானா இல்லையே" என்று நம்பி நான்கு லைஃபில் நின்றவர்கள் எத்தனையோ பேர் அந்த இடத்திலேயே தோற்றிருக்கிறார்கள். எதிரில் இரண்டு மவுண்டனும் கையில் ஒரு கார்டும் இருந்தால் உங்கள் நான்கு லைஃபைப் பூஜ்யமாக எண்ணுங்கள். ஒரு மவுண்டன் டேப் ஆகாமல் இருந்து கையில் இரண்டு கார்டு என்றால் ஏழும் பத்திரமில்லை.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. மவுண்டனைத் தியாகம் செய்வது ஸ்பெல்லுக்கான விலை. விலை கொடுத்த பிறகு அந்த ஃபயர்பிளாஸ்ட்டை நீங்கள் ஹைட்ரோபிளாஸ்ட் கொண்டு தடுத்தால் கார்டும் போகும், இரண்டு லேண்டும் போகும். ஆகவே ஹைட்ரோபிளாஸ்ட் கையில் ஒன்றே இருந்தால், லைஃப் தாங்கும் வரை சாதாரண போல்டுக்குச் செலவழிக்க வேண்டாம்.

ஆறாவது படி: திரும்பி அடிப்பது

தற்காப்பு நன்றாக ஆடியும் தோற்பவர்கள் இங்கே தோற்கிறார்கள். எதிராளியின் கை காலியாகிவிட்டது, களம் சுத்தம், உங்களுக்கு ஆறு லைஃப். உட்கார்ந்து இன்னும் பத்திரமாக்கப் பார்க்கிறார்கள். ஆனால் பத்தில் ஏழு தடவை அவர் எடுப்பது அடிக்கும் கார்டு. ஆறு லைஃப் என்பது இரண்டு போல்ட். நீங்கள் சும்மா இருக்கும் ஒவ்வொரு டர்னும் எதிராளிக்கு இன்னொரு சீட்டு. அவர் கையில் ஒன்று அல்லது பூஜ்யம் என்று ஆனதும் உங்கள் பெரிய கிரீச்சரை இறக்கி அடிக்க ஆரம்பியுங்கள். குர்மாக் ஆங்லர் போல ஐந்து பலம் உள்ளது ஒன்று போதும், 20 லைஃபும் நான்கே டர்னில் தீரும். தடுப்பதற்கு ஒரு சின்ன ஆளை மட்டும் பின்னால் விட்டுவையுங்கள்.

பயிற்சி

கார்டு வாங்குவதற்கு முன் காகிதத்தில் பெயர் எழுதி கார்டு உறையில் (ஸ்லீவ்) போட்டு வீட்டில் ஆடிப் பாருங்கள். போட்டியில் இது செல்லாது, பழகுவதற்குத் தடையில்லை. சிவப்பு டெக்கை நீங்களே கையில் எடுத்து ஆடுங்கள், எந்தக் கார்டைக் கண்டு நீங்கள் எரிச்சலடைகிறீர்களோ அதை உங்கள் சைட்போர்டில் சேருங்கள். லைஃபைப் பகடையில் வைக்காமல் தாளில் எழுதுங்கள். எந்த டர்னில் எந்தக் கார்டால் எவ்வளவு போயிற்று என்பது ஆட்டம் முடிந்ததும் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

சிவப்பு டெக்கின் உள்ளடக்கம் மாறிக்கொண்டே இருக்கும். குல்தோத்தா ரீபர்த் என்ற கார்டு 2025-இல் பாப்பரில் தடை செய்யப்பட்டது, சிவப்பு வேறு கார்டுகளோடு திரும்பி வந்தது. புதிதாக வரும் ஒவ்வொரு கார்டுக்கும் முதல் படியில் போட்ட கணக்கையே போடுங்கள்: இது எத்தனை லைஃப் எடுக்கும், நான் எதைக் கொடுத்தால் அது குறையும்? நம் மேசையில் சிவப்பு ஆடுபவர்கள் இரண்டு பேராகக் குறைந்துவிட்டால் அந்த ஆறு இடத்தில் மூன்றை எடுத்துவிட்டு, கிரேவ்யார்டைக் காலி செய்யும் ரெலிக் ஆஃப் புரோஜெனிடஸ் வையுங்கள், அடுத்து வருவது அநேகமாக கிரேவ்யார்டு டெக்தான்.