கப்பல் சுற்றுலா வேண்டாம், தீவிலேயே தங்கலாம்: குடும்பங்களுக்கான வழிமுறை

சொகுசுக் கப்பல் ஒரு துறைமுகத்தில் பெரும்பாலும் 8 முதல் 10 மணி நேரம்தான் நிற்கும். இறங்குவதற்கான வரிசை, முன்கூட்டியே திரும்ப வேண்டிய கெடு எல்லாம் போக, பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அரை நாள். ஒரே தீவில் 6, 7 இரவு தங்கினால்தான் இடம் பிடிபடும். இரண்டாவது தீவையும் சேர்க்காதீர்கள். மூட்டை கட்டிப் படகேறுவதிலேயே ஒரு நாள் ஓடிவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது காற்று. நீங்கள் போகும் மாதத்தில் காற்று வந்து மோதும் கரையில் அலை ஓயாது. அதற்கு மறுபக்கக் கரையில் வீடு எடுங்கள்.

அடுத்து ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. விளம்பரப் படங்களில் நிறைந்து நிற்கும் அதே நீர், பவளத்திட்டுக் கரைகளில் வற்றும்போது முழங்காலுக்குக் கீழே போய், கூரான பாறைகள் தலைகாட்டும். பல கடல்களில் ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே சுமார் 6 மணி நேரம். ஓத அட்டவணையைப் பார்த்து, ஏற்றத்தை ஒட்டிய நேரத்தையே நீச்சலுக்கு வையுங்கள். ரப்பர் அடிச் செருப்பு எல்லோருக்கும் கட்டாயம்.

வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியவை: சமையலறை உண்டா, குடிநீர் எங்கிருந்து வருகிறது, இரவில் மருத்துவர் கிடைப்பாரா.

கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும். அதனால் விமானத்துக்கு ஒரு நாள் முன்பே பெருநிலம் திரும்பிவிடுங்கள். காற்று உருளை கட்டிக்கொண்டு பல முறை ஸ்கூபா முக்குளித்தவர்கள் பறப்பதற்கு முன் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.