உள்ளே நனைந்த மழைக்கோட்டைச் சரிசெய்த விதம்

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில், தென்மேற்குப் பருவமழையின்போது பைக்கில் போனால், என் மழைக்கோட்டின் உட்புறம் நசநசவென்று ஈரமாகிவிடும். ஒழுகலா, வியர்வையா என்று அறிய, கோட்டை உள்வெளியாகத் திருப்பி, கைநுனியைக் கட்டி, அதற்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டேன். தையலோரத்தில்கூட ஒரு சொட்டுக் கசியவில்லை. ஆக, நனைத்தது என் வியர்வைதான்.

நீர்த்தடுப்பு என்பது துணி தாங்கும் நீர்த்தூணின் உயரம், மில்லிமீட்டரில் சொல்வார்கள். ஆவி விடும் திறன் என்பது ஒரு சதுர மீட்டர் துணி 24 மணி நேரத்தில் வெளியேற்றும் நீராவியின் எடை. பிவிசி கோட்டு மழையை முற்றிலும் தடுக்கும், ஆவியையும் விடாது. என்னுடையது பாலியூரித்தேன் பூச்சிட்ட நைலான். மழையைத் தடுத்து, ஆவியை ஓரளவு வெளியே விடுவது. சோதனை முறைக்கேற்ப ஆவி எண் மாறுவதால், இரு நிறுவனங்களின் எண்களை நேராக ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை.

கோளாறு பூச்சில் இல்லை. வெளித்துணியின் நீர்விலக்கு மெருகு தேய்ந்ததால், மழைநீர் முத்தாக உருண்டோடாமல் படலமாகப் படிந்து, ஆவி வெளியேறும் வழியை அடைத்திருந்தது. துணி மென்மையூட்டி சேர்க்காமல், மிதமான திரவச் சோப்பில் அலசி, சோப்பு முழுக்கப் போகும்வரை நீர் மாற்றி, நிழலில் உலர்த்தினேன். பிறகு நீர்விலக்குத் தெளிப்பான் அடித்து, பருத்தித் துணியை மேலே விரித்து, லேபிள் அனுமதித்த குறைந்த சூட்டில் இஸ்திரி போட்டேன். இப்போது தோள்பட்டையில் விழும் துளிகள் உருண்டோடுகின்றன. மலையேறும்போது உட்புறம் ஓரளவு உலர்ந்தே இருக்கிறது. பொள்ளாச்சிச் சமவெளியின் புழுக்கமான மழையில், வெளியிலும் ஈரப்பதம் மிகுந்திருப்பதால், எந்தத் துணியும் பெரிதாக உதவாது. அங்கே அக்குள் ஜிப்பைத் திறந்துவிடுகிறேன்.