ஒரே சமையல், நான்கு தட்டுகள்

எங்கள் வீட்டில் நான்கு பேர்: நான், என் மனைவி, 16 வயது மகள், 13 வயது மகன். மனைவியின் வேலை நேரம் மாறியதிலிருந்து இரவுச் சமையல் என் பொறுப்பு. ஒரு நாள் இரவு பத்தரை மணிக்குப் பாத்திரம் கழுவும்போதுதான் கவனித்தேன். தொட்டியில் மூன்று சமையல் பாத்திரங்கள் கிடந்தன. மகனுக்கு ஆறு மணிக்கு முட்டை பொரித்த வாணலி ஒன்று. ரத்த அழுத்தம் உள்ள மனைவிக்காக உப்புக் குறைத்துச் சமைத்தது ஒன்று. இறைச்சியை விட்டுவிட்ட மகளுக்காகத் தனியாகப் பருப்பு வேக வைத்தது ஒன்று. தட்டுகள் மட்டும் மூன்றுதான் இருந்தன. நான்காவது தட்டு மகளின் அறையில், படிப்பு மேசையின் ஓரத்தில் காய்ந்துபோய் இருந்தது. அன்று வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. ஆனால் யாரும் யாரோடும் சாப்பிடவில்லை.

இதை மாற்ற எனக்கு ஏறக்குறைய ஒரு வருடம் ஆயிற்று. வளர்ந்த பிள்ளைகளும் பெற்றோரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிட முடியுமா என்று கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். எல்லோரும் ஒரே அளவில், ஒரே காரத்தில், ஒரே நிமிடத்தில் சாப்பிட வேண்டும் என்ற பிடிவாதத்தை மட்டும் முதலில் விட்டுவிட வேண்டும்.

ஆரம்பிக்கும்போது எதையும் மாற்றாதீர்கள். ஒரு வாரம், யார் எப்போது என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். பிள்ளைகளை வேவு பார்ப்பது போல ஆகிவிடக் கூடாது. தாளைச் சமையலறைக் கதவிலேயே ஒட்டி, உங்கள் பெயரையும் அதில் எழுதுங்கள். எங்கள் தாளில் வெளிப்பட்டவற்றில் பாதி பெற்றோரின் பழக்கங்கள்தான். ஏழு நாட்களில் நான்கு நாட்கள் நான் அடுப்பருகே நின்றபடியே சாப்பிட்டிருக்கிறேன். மகன் விளையாட்டுப் பயிற்சி முடிந்து வந்ததும் ஆறு மணிக்கே வயிறு நிறையச் சாப்பிடுவதால் எட்டரை மணிக்கு அவனுக்குப் பசியில்லை. மகளுக்கு ஒன்பதரை மணிக்கு மேல்தான் பசிக்கவே செய்கிறது. இதையெல்லாம் அதுவரை அடம் என்று நினைத்துக் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பெரும்பாலும் அது அடம் இல்லை, உடல். பதின்பருவத்தில் உடலின் உள்கடிகாரம் ஒன்றிரண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப் போகிறது. தூக்கம் தாமதமாக வருகிறது, காலையில் எழுந்ததும் பசி எடுப்பதில்லை. வேகமாக உயரும் வருடத்தில் ஒரு பையன் 9 அல்லது 10 சென்டிமீட்டர் வரை வளரலாம். பெண்பிள்ளைகளுக்கு அந்த வேகம் பொதுவாக ஓரிரு வருடம் முன்பே வந்துவிடுகிறது. அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரைகளின்படி 9 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 1,300 மில்லிகிராம் கால்சியம் வேண்டும், 19 முதல் 50 வயது வரை 1,000 போதும். 14 முதல் 18 வயதுப் பெண்களுக்கு இரும்புச்சத்து 15 மில்லிகிராம், அதே வயது ஆண்களுக்கு 11. வளர்ந்த ஆணான எனக்கு வெறும் 8. ஆகவே என் தட்டை அப்படியே நகலெடுத்துப் பிள்ளைகளுக்கு வைத்தால் அவர்களுக்குப் போதாது. அவர்கள் தட்டை எனக்கு வைத்தால் எனக்கு அதிகம். நான்கு பேருக்கும் பொதுவாக இருக்க வேண்டியது தட்டின் நடுவில் இருக்கும் பொருள். ஓரங்கள் மாறலாம்.

இனி சமையலுக்கு வருகிறேன். நான் அதிகம் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஒரே பாத்திரத்தில் தொடங்கி, சரியான இடத்தில் பிரியுங்கள். எங்கள் வீட்டில் வாரத்தில் இரண்டு நாட்களாவது பருப்பும் காயும் சேர்ந்த ஒரு பெரிய பாத்திரம் அடுப்பில் ஏறும். வெங்காயமும் தக்காளியும் வதங்கியதும் வெந்த பருப்பைக் கொட்டி, காய்களைச் சேர்த்து, வழக்கமான உப்பில் பாதியை மட்டும் போடுகிறேன். காய் வேகும் வரை அது நான்கு பேருடைய சாப்பாடு. வெந்ததும் முதலில் மனைவிக்கும் எனக்குமான பங்கைச் சின்னப் பாத்திரத்தில் எடுத்துவிடுவேன். அதற்கு மேற்கொண்டு உப்புக் கிடையாது. எலுமிச்சைச் சாறும் மிளகுத்தூளும் போட்டால் உப்பின் குறை நாக்குக்குத் தெரிவதில்லை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு அது, நாள் முழுவதற்கும் சேர்த்து. பெரிய பாத்திரத்தில் மீதியிருப்பதில் பிள்ளைகளுக்குப் பிடித்த காரமும் கொஞ்சம் உப்பும் சேரும். மகனுக்கு இரண்டு முட்டையோ ஒரு துண்டு இறைச்சியோ பக்கத்து வாணலியில் தயாராகும். மகளுக்கு வறுத்த கடலையும் பாலாடைக்கட்டியும் மேசையில் கிண்ணங்களில் இருக்கும். நாங்களும் அதில் எடுத்துக்கொள்வோம்.

இதில் நான் ஒரு தவறு செய்தேன். மகள் இறைச்சியை விட்ட முதல் மாதம், அவசரத்தில் இறைச்சி வாணலியில் கிடந்த கரண்டியை எடுத்துப் பருப்புப் பாத்திரத்தில் விட்டுக் கலக்கினேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சத்தம் போடவில்லை. தன் தட்டைக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். “கொஞ்சம் பட்டதில் என்ன ஆகிவிடும்?” என்று நான் கதவுக்கு வெளியே நின்று கேட்டதுதான் அடுத்த தவறு. அதன்பின் மூன்று வாரம், நான் சமைத்த எதையும் அவள் நம்பவில்லை. பிரட்டும் பழமும் தின்று காலத்தை ஓட்டினாள். கடைசியில் பச்சைக் கைப்பிடி போட்ட ஒரு கரண்டியை வாங்கி வந்து, “இது இறைச்சிப் பக்கமே போகாது” என்று சொல்லி அவள் கையில் கொடுத்தேன். இப்போதும் அந்தக் கரண்டி தனி ஆணியில் தொங்குகிறது. உங்கள் பிள்ளை ஓர் உணவை விட்டுவிட்டால் அதன் காரணம் உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றாலும், அந்த எல்லையைச் சமையலறையில் காப்பாற்றுங்கள். பொதுப் பாத்திரத்தில் நம்பிக்கை போய்விட்டால் எதைச் சமைத்தும் பயனில்லை.

இறைச்சி சாப்பிடாத பிள்ளை என்றால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பருப்பு, கீரை, பயறு வகைகளில் உள்ள இரும்புச்சத்தை உடல் குறைவாகத்தான் எடுத்துக்கொள்ளும். கூடவே தக்காளி, எலுமிச்சை, கொய்யா போன்ற வைட்டமின் சி உள்ள ஏதாவது இருந்தால் அதிகம் சேரும். சாப்பாட்டோடு டீயோ காபியோ குடித்தால் குறையும். அதனால் எங்கள் வீட்டில் டீ சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான், பெரியவர்களுக்கும் சேர்த்து. பால், முட்டையையும் விட்டுவிட்ட பிள்ளை என்றால் வைட்டமின் பி12 பற்றி மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். தனியாகச் சேர்க்கப்படாத தாவர உணவில் அது கிடைப்பதில்லை.

எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று சொல்வதை நான் நிறுத்திவிட்டேன். எல்லின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் வல்லுநர் பல ஆண்டுகளுக்கு முன் வகுத்த ஒரு பங்கீடு இருக்கிறது. என்ன சமைப்பது, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. அதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு என்பது பிள்ளையின் பொறுப்பு. பதின்பருவத்தில், பெற்றோரின் பங்கிலும் பிள்ளையின் கருத்தைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் பிள்ளையின் பங்கில் பெற்றோர் கை வைக்கக் கூடாது. எனக்கு இது மிகவும் கடினமாக இருந்தது. ஒரு நாள் மகள் சொன்னாள்: “அப்பா, நான் சாப்பிடும்போதெல்லாம் நீங்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை, தட்டைத்தான் பார்க்கிறீர்கள்.” அன்றிலிருந்து பரிமாறுவதையே நிறுத்தினேன். பாத்திரங்கள் மேசைக்கு வரும், அவரவர் எடுத்துக்கொள்வார்கள்.

இந்தப் பங்கீடு பெற்றோருக்கும் பொருந்தும். பிள்ளைகள் விரும்பிக் கேட்ட சாப்பாடு வரும் நாளில் நாமும் அதைத்தான் சாப்பிட வேண்டும். “இது உங்களுக்கு, எங்களுக்கு வேறு இருக்கிறது” என்று ஒதுங்கினால், நாளை அவர்களும் நம் கீரையைப் பார்த்து அதையே சொல்வார்கள்.

நேரம்தான் பல வீடுகளில் முட்டுக்கட்டை. தினமும் இரவு எல்லோரும் ஒன்றாக உட்கார முடியாது என்றால், முடிகிற வேளையைத் தேடுங்கள். அது இரவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. எங்களுக்கு வாரத்தில் நான்கு வேளைகள் கிடைத்தன: மூன்று இரவுகள், ஒரு விடுமுறை நாள் காலை. மகன் ஆறு மணிக்குச் சாப்பிடுவதை நான் தடுக்கவில்லை, அதைச் சிறியதாக்கினேன். ஒரு வாழைப்பழம், ஒரு தம்ளர் பால், கையளவு கடலை. எட்டரை மணிக்கு அவனுக்குப் பசி திரும்பி வந்தது. மகளுக்கு ஒன்பதரைதான் சரி என்றாள். எட்டேமுக்கால் என்று பேசி முடித்தோம்.

யாராவது தாமதமாக வந்தால் அவர்கள் பங்கை முதலிலேயே எடுத்து மூடி வைத்துவிடுங்கள். மீந்ததைச் சாப்பிடுகிறோம் என்ற எண்ணம் அவர்களுக்கு வரக் கூடாது. சமைத்த உணவு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருக்க வேண்டாம். ஃபிரிட்ஜில் வைத்து, சாப்பிடும்போது ஆவி பறக்கச் சூடாக்க வேண்டும். தாமதமாக வந்தவர் சாப்பிடும்போது ஒருவராவது பக்கத்தில் உட்காருங்கள். என் மனைவி பத்து மணிக்கு வரும் நாட்களில் மகன் ஒரு பழத்தை எடுத்துக்கொண்டு அவள் எதிரில் உட்கார்ந்துகொள்கிறான். அவன் அம்மாவிடம் மட்டும் சொல்லும் செய்திகள் அப்போதுதான் வெளியே வருகின்றன.

சேர்ந்து சாப்பிடுவதால் என்ன கிடைக்கிறது என்று அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் நீண்ட காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அடிக்கடி குடும்பத்தோடு சாப்பிடும் பதின்பருவத்தினர் பழமும் காயும் அதிகமாகவும் குளிர்பானம் குறைவாகவும் எடுத்துக்கொள்வதாக அங்கு கண்டார்கள். அதற்குச் சாப்பாட்டு மேசை மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே இணக்கமாக இருக்கும் குடும்பங்கள் அதிகம் சேர்ந்து சாப்பிடுவதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அதே ஆய்வாளர்களின் 2013-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று என்னை உலுக்கியது. பெற்றோர் உடல் எடையைப் பற்றிப் பேசும் வீடுகளில் பிள்ளைகள் ஆரோக்கியமற்ற வழிகளில் எடையைக் குறைக்க முயல்வது அதிகமாக இருந்தது. எடையைத் தொடாமல், நல்ல உணவைப் பற்றி மட்டும் பேசிய வீடுகளில் அது குறைவாக இருந்தது. “இன்னொரு கரண்டியா?” என்று என் மகனிடம் நான் சிரித்துக்கொண்டே கேட்டதை எண்ணிப் பார்த்தேன். அந்தக் கேள்வி இப்போது எங்கள் வீட்டில் கிடையாது. யாருடைய உடம்பைப் பற்றியும் மேசையில் பேச்சில்லை. நான் என் தொப்பையைக் குறை சொல்வதையும் விட்டுவிட்டேன், ஏனென்றால் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் தங்கள் உடம்பையும் அதே கண்ணால் பார்க்கப் பழகுவார்கள். மதிப்பெண் பேச்சும் கிடையாது. அதற்கு வேறு நேரம் இருக்கிறது.

செல்போன்கள் நான்கும் பக்கத்து அறையில் ஒரு கூடைக்குள் போகும். முதலில் போவது என்னுடையது. பெற்றோரின் போன் மேசையில் இருந்தால் இந்த விதியைச் சொல்லவே வேண்டாம்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் பொறுமை காட்டக் கூடாது. பிள்ளை சேர்ந்து சாப்பிடுவதைத் தொடர்ந்து தவிர்க்கிறது, சாப்பிட்டாயிற்று என்று சொல்லியே நாட்களைக் கடத்துகிறது, சாப்பிட்டவுடன் குளியலறைக்குள் போய்விடுகிறது, எடை சட்டென்று குறைகிறது, மாதவிடாய் நின்றுபோகிறது. இவற்றில் எதைக் கண்டாலும் வீட்டுச் சமையலில் தீர்வு தேடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தட்டைக் காட்டி மிரட்டுவதால் அது சரியாகாது, காத்திருப்பதாலும் சரியாகாது.

கடைசியாக, வாரத்தில் ஒரு நாள் அடுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். என்ன சமைப்பது என்பதிலிருந்து கடைச் சாமான் பட்டியல் வரை அவர்களே முடிவு செய்யட்டும். கேட்டால் மட்டும் உதவுங்கள். முதல் வாரம் மகன் சமைத்த காய் அடிப்பிடித்துக் கருகல் வாசனை வீசியது. மேலாக எடுத்து நால்வரும் சாப்பிட்டோம். “உண்மையைச் சொல்லுங்கள், எப்படி இருக்கிறது?” என்று கேட்டான். “காய் நன்றாக வெந்திருக்கிறது, தீயைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம்” என்றாள் அவன் அக்கா. அடுத்த வாரம் அவன் அடுப்பின் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தீயைக் குனிந்து குனிந்து பார்த்தான். சமைத்து முடித்ததும் கேட்காமலேயே உப்புக் குறைந்த பங்கைத் தனியாக எடுத்து வைத்து, பச்சைக் கைப்பிடிக் கரண்டியைப் பருப்புப் பாத்திரத்தில் போட்டுவிட்டு, அக்காவின் அறைக் கதவைத் தட்டப் போனான்.