ஃபெர்ரெட்டுக்குக் குடல் அடைப்பு: புதிதாக வளர்ப்பவர்களுக்கு

ஃபெர்ரெட் என்பது கீரிபோல இருக்கும் சிறு வளர்ப்புப் பிராணி. அதற்கு உடம்புதான் நீளம், குடல் குட்டை. தின்றது 3, 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். அதனால் அடைப்பு என்று தெரிந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' என்று விட்டுவைக்க முடியாது.

படி 1: தரையில் படுத்து வீட்டைப் பாருங்கள். விளையாட்டில்லை, அதன் கண்ணுக்கு எட்டுவது அங்கேதான் இருக்கிறது. ரப்பர் என்றால் இவற்றுக்கு உயிர். அழிரப்பர், இயர்போன் முனை, ரிமோட் பட்டன், செருப்பு, சோபா ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் கடித்து விழுங்கும். குட்டிகள்தான் இதில் கில்லாடி. வயதானவற்றுக்கு வேறு தொல்லை: நக்கி விழுங்கிய முடி வயிற்றில் உருண்டையாகத் திரளும். பூனையைப் போல அதைச் சுலபமாகக் கக்காது. முடி உதிரும் பருவத்தில் தினமும் சீவிவிடுங்கள்.

படி 2: தீனி. இது சுத்த அசைவப் பிராணி. தீனிப் பையின் பின்பக்கம் படியுங்கள்: இறைச்சிப் புரதம் 35 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கொழுப்பு 20 சதவீதம் வாக்கில், நார்ச்சத்து 3-க்குள். முயலுக்கு இருப்பதுபோல நார்ச்சத்தை நொதிக்கவைக்கும் பை இதன் குடலில் இல்லை. ஆசையாகக் கொடுத்த காரட் துண்டே அடைத்துக்கொள்ளலாம். பால், பிஸ்கட், உலர் திராட்சையும் வேண்டாம். புதுத் தீனியைப் பழையதோடு கலந்து 7 முதல் 10 நாளில் மெல்ல மாற்றுங்கள். குட்டியில் பழகிய வாசனைதான் அதற்குச் சாப்பாடு, சட்டென்று மாற்றினால் பட்டினி கிடக்கும்.

படி 3: மலத்தொட்டியைத் தினமும் பாருங்கள். அருவருப்பு ஒரு வாரத்தில் போய்விடும். பென்சில்போல மெலிந்து வந்தாலோ, வரவே இல்லை என்றாலோ அடைப்பைச் சந்தேகியுங்கள். தார்போலக் கறுப்பாக வந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு இருக்கலாம். பல்லை நறநறப்பது, எச்சில் வடிப்பது, முன்னங்காலால் வாயைப் பிராண்டுவது எல்லாம் குமட்டலின் அடையாளம். 'வாந்தி எடுக்கவில்லையே' என்று நிம்மதி அடையாதீர்கள், அடைப்பு இருந்தும் வாந்தி எடுக்காதவை உண்டு.

படி 4: சந்தேகம் வந்தால் வாயில் எதையும் திணிக்காதீர்கள். எண்ணெய், மலமிளக்கி வைத்தியமும் வேண்டாம். உடனே டாக்டர். ரப்பர் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம், அதனால் கடிபட்ட பொருளின் மிச்சத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பல நேரம் அறுவைதான் வழி.

அப்புறம், எல்லாக் கால்நடை டாக்டரும் ஃபெர்ரெட் பார்ப்பதில்லை. பார்ப்பவர் யார், ராத்திரி யாரைக் கூப்பிடுவது என்பதைப் பிராணி வீட்டுக்கு வரும் வாரத்திலேயே விசாரித்துப் போனில் போட்டுவையுங்கள்.