பழைய காரின் முன்பக்கத்தில் 'டொக் டொக்': எந்தப் பாகம் என்று நீங்களே கண்டுபிடிக்கலாம்

சிங்கப்பூரில் பத்து வருஷம் முடிந்து சிஓஇ (கார் வைத்திருப்பதற்கான உரிமைச் சான்றிதழ்) புதுப்பித்து ஓட்டுகிற கார் என்றால் முன்பக்கத்திலிருந்து ஏதாவது ஒரு சத்தம் இந்நேரம் வந்திருக்கும், இல்லையென்றால் சீக்கிரம் வரும். சஸ்பென்ஷனில், அதாவது சக்கரத்தைக் காரோடு இணைத்து அதிர்ச்சியைத் தாங்கும் அமைப்பில், நிறைய இடத்தில் ரப்பர்தான், வருஷம் முழுக்க வெக்கையில் கிடக்கிற ரப்பர் இறுகும், வெடிக்கும், அப்புறம் இரும்பும் இரும்பும் இடிக்கும். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் நம்மில் பலர் ஒர்க்‌ஷாப்புக்குப் போய் "பாஸ், முன்னாடி சத்தம் வருது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். அவர் என்ன செய்வார், சந்தேகப்பட்டதை மாற்றுவார். அப்சார்பர் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் குழாய்) மாறும், சத்தம் போகாது. அடுத்த மாதம் லோவர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் இரும்புக் கை) மாறும். கடைசியில் பார்த்தால் இருப்பதிலேயே விலை குறைந்த ஸ்டெபிலைசர் லிங்க்தான் போயிருக்கும்.

சத்தம் எப்போது வருகிறது என்று சரியாகக் கவனித்தாலே எந்தப் பாகம் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும். ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். கீழே வருவது சாதாரண டொயோட்டா, ஹோண்டா, ஹூண்டாய் போன்ற, முன்னால் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் அப்சார்பரும் சேர்ந்த ஒரே தூண்) உள்ள கார்களுக்கு.

படி 1: முதலில் காரைக் காலி செய்யுங்கள்

பூட்டில் இருக்கும் குடை, ஜாக், ஸ்பேர் டயர், கதவுப் பையில் உருளும் தண்ணீர் பாட்டில், கண்ணாடிக்குப் பின்னால் சொருகிய சில்லறை எல்லாவற்றையும் எடுத்து வெளியே வையுங்கள். போனட் சரியாகப் பூட்டியிருக்கிறதா, நம்பர் பிளேட் ஆடுகிறதா என்று கையால் தட்டிப் பாருங்கள். டயரில் காற்றைச் சரியாக அடித்துக்கொள்ளுங்கள், காற்று அதிகமாக இருந்தாலும் சின்னப் பள்ளம்கூட பெரிய இடியாகக் கேட்கும்.

படி 2: ஓட்டிப் பார்த்துக் கேளுங்கள்

முக்கியமான படி இதுதான், அவசரப்படாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காக்கி புக்கிட், ஊபி மாதிரி தொழிற்பேட்டைப் பக்கம் போனால் கூட்டம் இருக்காது, லாரி ஓடி ஒட்டுப்போட்ட ரோடும் கிடைக்கும். ரேடியோவையும் ஏர்கானையும் அணைத்துவிட்டு இரண்டு பக்க ஜன்னலையும் இறக்குங்கள். கூட ஒருவரை அழைத்துப் போங்கள். சத்தத்தை அவர் போனில் பதிவு செய்யட்டும், ஓட்டுகிறவர் போனைத் தொடவே கூடாது. சுவர் ஓரமாக மெதுவாகப் போனால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வரும், இடமா வலமா என்பது அப்போது தெளிவாகக் கேட்கும். பலமாடி கார்பார்க் இதற்கு நல்ல இடம், ஆனால் ராத்திரியில் வேண்டாம், மேலே வீடுகளில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

ரோடு முழுக்கக் குறுக்கே போட்ட ஹம்ப்பில் நேராக, மெதுவாக ஏறி இறங்குங்கள். அடுத்து, ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்திலோ மேன்ஹோல் மூடியிலோ விழும்படி ஓட்டுங்கள். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பெரிய துப்பு. ஸ்டெபிலைசர் பார் என்பது இடது, வலது சக்கரங்களை இணைக்கும் ஒரு முறுக்குக் கம்பி, அதன் இரண்டு முனையிலும் ஒரு லிங்க் இருக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக ஏறினால் கம்பி முறுக்காது, லிங்க்கில் பெரிய இழுப்பும் இருக்காது. ஒரு சக்கரம் மட்டும் ஏறும்போதுதான் லிங்க்குக்கு வேலை. ஆகவே ஹம்ப்பில் அமைதியாக இருந்து, ஒரு பக்கப் பள்ளத்தில் மட்டும் 'லொட லொட' என்றால் முதலில் லிங்க்கையும், கம்பியைப் பிடிக்கும் ரப்பரான ஸ்டெபிலைசர் புஷ்ஷையும் சந்தேகப்படுங்கள். ஹம்ப்பிலேயே 'டொக்' என்று இடித்தால் அப்சார்பர், அதை மேலே காரின் உடம்போடு இணைக்கும் மவுண்டிங், இந்த இரண்டின் பக்கம் போங்கள்.

அடுத்தது பிரேக். காலி இடத்தில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் முன்னால் போய் பிரேக் பிடியுங்கள், ரிவர்ஸில் வந்து மறுபடி பிடியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு 'டொக்' கேட்டால் லோவர் ஆர்மின் பின்பக்கப் பெரிய புஷ் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம். பிரேக் பிடித்தால் ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் சந்தேகம் இன்னும் பலமாகிறது. கார் நகராமல் நிற்கும்போது கியரை 'ஆர்'-லிருந்து 'டி'-க்கு மாற்றினாலே இடிக்கிறதா? அது எஞ்சின் மவுண்டிங்காக இருக்கலாம், அதை சஸ்பென்ஷன் என்று நினைத்துப் பணம் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

சின்னச் சின்ன மேடு பள்ளத்தில் கடகடவென்று ஆடி, பிரேக்கை லேசாக மிதித்ததும் சத்தம் நின்றுவிட்டால் அது பிரேக் பேட் அல்லது காலிப்பர் (பேடை அழுத்தும் பாகம்) நகர்கிற பின். இதைச் சொல்லாமல் விட்டால் மெக்கானிக்குக்கு அரை நாள் வீண்.

நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் மேல் மவுண்டிங்கின் பேரிங். முழுக்கத் திருப்பி வட்டமடித்து ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது 'டக் டக் டக்' என்றால் டிரைவ் ஷாஃப்ட்டின் (சக்கரத்தைச் சுழற்றும் தண்டு) வெளிப்பக்க ஜாயின்ட். வேகம் கூடக் கூட 'ஊம்ம்' என்று ஏறி, ஒரு பக்கம் வளையும்போது கூடிக் குறைகிற சத்தம் வீல் பேரிங்.

'கிரீச்' என்ற சத்தமா? மழை நாளில் கேளுங்கள். மழையில் போய்விட்டு, காய்ந்ததும் திரும்பி வந்தால் காய்ந்த ரப்பர் புஷ்தான். அந்த ரப்பரில் சிலிக்கான் ஸ்பிரே அடித்துச் சோதிக்கலாம், பெட்ரோலிய எண்ணெய் உள்ள ஸ்பிரேயை மட்டும் அடிக்காதீர்கள், ரப்பர் ஊறிப்போகும்.

படி 3: கையால் தொட்டுப் பாருங்கள்

எஞ்சின் அணைந்து, ஹேண்ட்பிரேக் போட்ட நிலையில் முன்பக்க மூலையைப் பலமாக அழுத்தி விடுங்கள். மேலே வந்து ஒரு தடவையில் அடங்க வேண்டும். மூன்று நான்கு தடவை ஆடினால் அப்சார்பர் செத்துவிட்டது. அடங்கிவிட்டது என்பதால் மட்டும் அது நல்லது என்று சொல்ல முடியாது. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பி வைத்து, டார்ச் அடித்து அப்சார்பரின் உடம்பைப் பாருங்கள். எண்ணெய் கசிந்து அழுக்கு ஒட்டியிருந்தால் அதன் ஆயுள் முடிந்தது.

போனட்டைத் திறந்து ஸ்ட்ரட்டின் மேல் முனையில் உள்ளங்கையை வையுங்கள், இன்னொருவர் ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்பட்டும். கையில் 'டக்' என்று ஒரு துள்ளல் தெரிந்தால் மவுண்டிங் பேரிங்தான். ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு இடையில் மட்டும் விரலை விடாதீர்கள்.

படி 4: சக்கரத்தைத் தூக்கி ஆட்டுவது

இதைத் தனியாகச் செய்து பழக்கமில்லாதவர்கள் ஒர்க்‌ஷாப்பில் ஹாய்ஸ்ட்டில் (காரைத் தூக்கும் இயந்திரம்) ஏற்றச் சொல்லிப் பக்கத்தில் நின்று பாருங்கள். சின் மிங் பக்கம் இருக்கும் கடைகளில் கேட்டால் பலர் மறுக்க மாட்டார்கள். வெறும் ஜாக்கில் நிற்கும் காருக்கு அடியில் தலையை நீட்டவே கூடாது, ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும்.

தூக்கியபின் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங், நிற்காவிட்டால் பால் ஜாயின்ட் (லோவர் ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் உருண்டை மூட்டு) பக்கம் பாருங்கள். அடுத்து இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள், இதில் மட்டும் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்ட் (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் வெளிமுனை, உள்முனை மூட்டுகள்). லோவர் ஆர்மின் புஷ்ஷையும் பால் ஜாயின்ட்டையும் கடப்பாரை போன்ற நெம்புகோலால் மெதுவாக நெம்பினால்தான் உண்மை தெரியும், கையால் ஆட்டுவது போதாது.

ஸ்டெபிலைசர் லிங்க்கைச் சோதிக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஒரு சக்கரம் மட்டும் தொங்கினால் கம்பி முறுக்கி லிங்க்கை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், தேய்ந்த லிங்க்கும் நல்லது போலவே தெரியும். இரண்டு முன்சக்கரமும் ஒரே மட்டத்தில் இருக்கும்போது பிடித்துக் குலுக்குங்கள்.

பால் ஜாயின்ட்டிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம் கண்டால் "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று ஓட்டாதீர்கள். பால் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடங்கி விழும், டை ராட் எண்ட் கழன்றால் அந்தச் சக்கரம் ஸ்டியரிங்குக்குக் கட்டுப்படாது. லிங்க் அப்படியல்ல, சத்தத்தைப் பொறுத்துக்கொண்டு சில நாள் ஓட்டலாம். எப்படியும் பத்து வருஷம் தாண்டிய காரை ஒவ்வொரு வருஷமும் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கொண்டுபோக வேண்டும், அங்கே அடிப்பக்கத்தையும் பார்ப்பார்கள்.

படி 5: ஒர்க்‌ஷாப்பில் எப்படிச் சொல்வது

"பாஸ், இடது முன்பக்கம், ஒரு பக்கச் சக்கரம் பள்ளத்தில விழுந்தா மட்டும் லொட லொடன்னு வருது, ஹம்ப்ல இல்ல, பிரேக் மிதிச்சாலும் நிக்கல." இவ்வளவு சொன்னால் நல்ல மெக்கானிக் நேராக அந்த இடத்துக்குப் போவார். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக் கையால் ஆட்டிப் பாருங்கள்.

மாற்றும்போது அப்சார்பர் என்றால் இடம் வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். லோவர் ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும்போதே முழுக்க முடுக்க விடாதீர்கள். காரின் எடை சக்கரத்தில் இறங்கியபின் கடைசி முடுக்கு முடுக்கினால்தான் ரப்பர் முறுக்கில்லாமல் உட்காரும், இல்லாவிட்டால் புது புஷ்ஷும் சீக்கிரமே கிழியும். அப்சார்பர், லோவர் ஆர்ம், டை ராட் எண்ட் மாற்றினால் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தாக வேண்டும், லிங்க்குக்கும் ஸ்டெபிலைசர் புஷ்ஷுக்கும் தேவையில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் சத்தம் கேட்ட அதே மாதிரிப் பள்ளத்தில் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.